குரல் வந்தால்தான் டைட்

"ராமலிங்கம் சேட்டன் போயிட்டார்." சுள்ளிக்கல்லிலிருந்து சைக்கிளில் வந்த ஆள் வாசலில் நின்றே சொன்னார். நான் முதலில் செய்தது, அறைக் கதவை விரியத் திறந்து வைத்ததுதான். சாத்திய கதவென்றால் எனக்கு இன்றும் பயம். பயப்படவாவது நான் உயிரோடு இருப்பது அவரால்.

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கில் அவர் மேற்பார்வையாளர், நான் குமாஸ்தா. அவர் பேசிய ஆங்கிலம் 'டைட்' என்ற ஒரே சொல். அதை வைத்தே காலம் தள்ளினார். விலை ஏறினால் மார்க்கெட் டைட். முதலாளி முறைத்தால் ஆள் டைட். கள்ளுக்கடையிலிருந்து ஆடிக்கொண்டு வருபவர் டைட். மாதக் கடைசியில் நாங்கள் எல்லோருமே டைட். ஓணச் சாப்பாட்டுக்குப் பின் அவர் வயிறும் அப்படியே. கேலி செய்வோம், அவரும் சிரிப்பார்.

கிடங்கில் பூச்சிக்கு விஷப்புகை போடும் நாளில் மட்டும் சிரிக்க மாட்டார். புகை கக்கும் மாத்திரைகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியதும், இடுக்குகளில் காகிதம் ஒட்டுமுன், ஒவ்வொருவர் பெயரையும் கூப்பிடுவார். எதிரில் நின்றாலும் குரல் கொடுக்க வேண்டும். கடைசிக் குரலும் வந்த பிறகே "டைட்" என்பார். அதன்பின்தான் பசை டப்பாவைத் தொடலாம்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மழைக்கால மதியம். மூட்டைகளின் குறியைச் சரிபார்க்கப் போன நான், காய்ச்சல் அசதியில் கடைசி அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து தூங்கிவிட்டேன். விழித்தபோது கும்மிருட்டு. அழுகிய பூண்டு போன்ற விஷப்புகை வாடை. எழப் பார்த்தேன், கால் வரவில்லை. கத்தப் பார்த்தேன், நாக்கு ஒட்டிக்கொண்டது. வெளியே மேலாளரின் குரல் கேட்டது.

"மூணு நாள்ல கப்பல். சுந்தரம் ஊணுக்குப் போயிருப்பான். ஒட்டுங்கோ!"

"அவன் குரல் வரல்லே, சாரே. டைட்னு பறைய மாட்டேன்."

"உன் வேலை போயிடும்!"

"போகட்டும். கதவைத் திறங்கோ."

மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அவரே உள்ளே வந்தார். அடுக்கு அடுக்காக என் பெயரைச் சொல்லித் தேடினார். என்னை இழுத்து வெளியே போட்டார். "பயந்துபோயிட்டேன், சுந்தரம்," என்றார்.

அடுத்த வாரம் அவருக்கு வேலை போயிற்று. பிறகு எர்ணாகுளம் மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டியில் வேலைக்கு நின்றார். ஒருநாளும் அதை என்னிடம் சொல்லிக் காட்டியதில்லை.

நேற்று மயானத்தில், முகத்தின்மேல் கடைசி விறகை வைக்கப் போனார்கள். "ஒரு நிமிஷம்," என்றேன்.

"ராமலிங்கம் சேட்டா!"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொரு முறை கூப்பிட்டேன். மூன்றாவது முறையும். குரல் வரவில்லை.

அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விறகை வைக்கலாமென்று கையை மட்டும் அசைத்தேன். போய் வாருங்கள், சேட்டா.