செல்வி வரைந்த வீடுகள்

பிறருக்கு வெப்சைட் செய்து கொடுக்கும் தொழிலில் கம்ப்யூட்டர் படுத்தும் பாடு பாதிதான். மீதிப் பாடு, ‘என்னைப் பற்றி’ என்ற பக்கத்துக்கு வாடிக்கையாளரிடம் நாலு வரி வாங்குவது. எப்போதாவது வேலைக்கு மனுப் போட்டிருந்தால் உங்களுக்கும் அந்தக் கஷ்டம் தெரியாதா என்ன!

தென்காசியில் வீட்டிலிருந்தே நான் செய்வது சின்ன சைட்கள். எழுத்தையும் படத்தையும் ஃபைலில் வைத்து ஒரு கட்டளை கொடுத்தால், மென்பொருள் பக்கங்களாகக் கட்டிக் கொடுத்துவிடும். ஸ்டாட்டிக் சைட், அதாவது அசையாமல் நிற்கிற பக்கங்கள், என்பார்கள்.

ஓடாத அருவி

குற்றாலத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், தான் எடுத்த கல்யாணப் படங்களுக்கு சைட் கேட்டார். ‘ஸ்டாட்டிக்’ என்றதும் முகம் வாடிவிட்டது. சைட்டைத் திறந்ததும் அருவி சத்தத்தோடு ஓட வேண்டுமாம். அந்த வீடியோ வந்து சேர்வதற்குள் பார்க்கிறவர் போய்விடுவார் என்றேன். நம்பவில்லை. இருபது படங்களை மட்டும் போட்டு அவர் போனிலேயே திறந்து காட்டினேன். சட்டென்று வந்தது. மணப்பெண்ணின் அம்மா கண்ணைத் துடைக்கும் படம் வந்ததும் அண்ணாச்சி அதைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“அருவிய விடும்மா. சீசன் முடிஞ்சா இங்கன நெசமான அருவியே ஓட மாட்டேங்கு.”

கீழே யார் பேர்?

செல்வி வீரகேரளம்புதூர்க்காரி. பதினோரு வருஷமாக ஒரு இன்ஜினீயர் ஆபீஸில் வீட்டு பிளான் வரைகிறாள். மதுரையில் ஒரு கட்டுமானக் கம்பெனிக்கு மனுப் போட்டுவிட்டு, அவர்களிடம் காட்ட என்னிடம் சைட் கேட்டாள். ‘என்னைப் பற்றி’க்கு அவள் அனுப்பியது ஒரே வரி: ‘நான் பிளான் வரைவேன்.’

பிளான்களைக் கேட்டால் தயங்கினாள். எல்லாவற்றிலும் இன்ஜினீயர் பேர்தான். “நான் வரைஞ்சதுன்னு எப்படிக்கா போட? அவருட்ட கேட்டா இருக்க வேலையும் போயிருமே” என்றாள். கேட்காமல் போடுவது சரியில்லை என்றேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போய்க் கேட்டாள். “வரைஞ்சது நீதானம்மா, போட்டுக்கோ” என்றாராம் அவர்.

அவள் முதலில் பென்சிலில் போட்டுப் பார்த்த தாளையும் கட்டி முடித்த வீட்டின் படத்தையும் அருகருகே வைத்து, கீழே ‘வரைந்தவர்: செல்வி’ என்று போட்டேன். பார்க்க வந்தவள், லேப்டாப் திரையில் அந்த வரியை விரலால் தொட்டாள்.

“எம் பேர இன்னைக்குத்தான்க்கா ஒரு வீட்டுக்குக் கீழ பாக்கேன்.”

காணாமல் போன வீடுகள்

இன்டர்வியூ அன்று காலை மதுரையிலிருந்து செல்வியின் போன். “அக்கா, என் வீடு ஒன்னையும் காணோம்!”

என் லேப்டாப்பில் எல்லாம் இருந்தது. ‘டிராஃப்ட்’ என்ற அடையாளத்தை எடுக்க மறந்திருந்தேன். அது இருக்கும்வரை நான் சரிபார்க்கும்போது பக்கம் தெரியும், ஊருக்குத் தெரியாது. அதை எடுத்துவிட்டு நெட்டில் ஏற்றினேன். திருப்பிக் கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது. உள்ளே போய்விட்டாள்.

மூன்று மணிக்குக் கூப்பிட்டாள். இன்டர்வியூ எடுத்தவர்களிடம் ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, அவர்கள் முன்னாலேயே ஒரு வீட்டை வரைந்து, ஜன்னல் ஏன் இந்தப் பக்கம், படி ஏன் அந்தப் பக்கம் என்று சொல்லியிருக்கிறாள். வேலை கிடைத்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன்.

“விடுங்கக்கா. சைட்ல வீடெல்லாம் தெரிஞ்சிருந்தா, அதக் காட்டிட்டு நான் வாயே தொறந்திருக்க மாட்டேன்.”

ஆளை நம்புகிற அளவுக்கு லேப்டாப்பில் தெரிவதை நம்பக் கூடாது என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கண்டது.