உடம்பில் பிடிக்காத ஊசி

ஜன்னல் கண்ணாடி வெட்டிப் பொருத்துவது அவர் தொழில். தெருவுக்கே அவர் கண்ணாடிக்காரர்தான். கையில் புதுக் கீறல் இல்லாமல் வீடு திரும்பிய நாள் குறைவு. "ரேகை பார்க்கிறவன் என் கையைப் பார்த்தா தலை சுத்தி விழுந்துருவான்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவர் மனைவி, தங்கையின் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்கப் போனாள். அவள் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பது அப்போதுதான் தெரிந்தது. பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கலாம் என்றார் டாக்டர். ஈரலுக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை. சோதித்துப் பார்த்ததில் கண்ணாடிக்காரருக்கும் தொற்றவில்லை. ஒரே தட்டில் சாப்பிட்டால்கூட ஒட்டாது. ரத்தம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், படுக்கையில் ஆணுறை போட்டுக்கொள்ளுங்கள் என்று டாக்டர் பக்குவமாகத்தான் எடுத்துச் சொன்னார். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. அன்றைக்கே பாயையும் தலையணையையும் கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். தட்டு தனி, துண்டு தனி.

"எங்கம்மா எனக்கு விட்டுட்டுப் போன சொத்துல உங்களுக்கும் பங்கு வேணுமாக்கும்?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அதே ஆஸ்பத்திரியில் பெரியவர்களுக்கான புதுத் தடுப்பூசி ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சிலருக்குப் புதியது, சிலருக்கு ஏற்கெனவே உள்ளது. யாருக்கு எது என்று போடுகிறவருக்கே தெரியாது. அந்தச் சோதனையில் கணவரைச் சேரச் சொல்லி நச்சரித்தவள் அவள்தான். "போட்டுக்கிட்டு வாங்க. உடம்புல பிடிச்சுட்டா பாயைச் சுருட்டிக்கிட்டு உள்ள வந்துடறேன்."

மூன்று ஊசியும் போட்டுக்கொண்டார். கை வலித்தது, ஒருமுறை காய்ச்சல் கண்டது, அவ்வளவுதான். கடைசியாக ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகு நர்ஸம்மா அவரை உட்காரச் சொன்னார்.

"ஐயா, ஊசியால உங்களுக்கு ஒரு கெடுதலும் இல்ல. ஆனா எதிர்ப்புச் சக்தி வரல."

"ஊசி சரியில்லையாம்மா?"

"ஊசி நல்லதுதான். முக்காலே மூணுவீசம் பேருக்குப் பிடிச்சிருக்கு. சிலர் உடம்பு அதைக் கண்டுக்கறதே இல்ல. மறுபடியும் போட்டுப் பார்க்கலாம்."

வாசலிலேயே காத்திருந்தாள் அவள். "என்ன சொன்னாங்க?"

அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்கு வாய் வேறு பக்கம் போயிற்று. "பிடிச்சிடுச்சாம்."

அன்று அவள் அவர் தட்டிலிருந்தே ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். பாய் உள்ளே வந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே போனார். ஆணுறையை மட்டும் விடவில்லை. ஏன் என்று கேட்டவளிடம் பழகிவிட்டது என்று மழுப்பினார்.

ஒரு சாயங்காலம் அவர் உள்ளங்கையில் கண்ணாடிச் சில்லு ஆழமாக ஏறியிருந்தது. அவள் இடுக்கியால் பிடித்து இழுத்தாள். சில்லு நழுவி அவள் கட்டைவிரலைக் கிழித்தது. ரத்தம் அவர் காயத்தின் மேலேயே சொட்டியது.

"நல்லவேளை, ஊசி போட்டாச்சு. இல்லேன்னா இந்நேரம் எனக்கு உயிரே போயிருக்கும்" என்றாள், அலட்டிக்கொள்ளாமல்.

அவர் கையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அவள் பின்னாலேயே வந்து நின்றாள்.

"பிடிக்கலையா?"

"பிடிக்கல."

அவள் திட்டவில்லை. அவருக்குச் சட்டையை மாட்டிவிட்டு, வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கிருமியை அப்போதைக்குத் தடுக்கும் வேறொரு மருந்தை அவருக்குப் போட்டார்கள். பல மாதம் கழித்துப் பார்த்தபோது தொற்றவில்லை என்று உறுதியாயிற்று. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இதற்கிடையில் மறுபடி போட்டுப் பார்த்த தடுப்பூசியும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆய்வு முடிந்து, புதுத் தடுப்பூசி பாதுகாப்பானது, பலனுள்ளது என்று தெரிந்ததாக நர்ஸம்மா பூரித்துப்போய்ச் சொன்னார். "நல்லதும்மா" என்றார் கண்ணாடிக்காரர். மனசாரத்தான் சொன்னார்.

கை கிழிந்த அன்றே கூடத்துக்குத் திரும்பிய பாய் மட்டும் அங்கேயே கிடந்தது.

"அதான் தொத்தலையே. இன்னும் என்ன?" என்று ஒருநாள் கெஞ்சினார்.

"தொத்தியிருந்தா? என் கையாலயே உங்களைக் கொல்ல வச்சிருப்பீங்க. எனக்குத் தெரியாமலே."

பேச்சுவார்த்தை நின்றுபோகவில்லை. வேளாவேளைக்குச் சோறு போடுகிறாள். அவள் ஈரலைச் சோதிக்கப் போகும்போதெல்லாம் அவரும் கூடப் போகிறார். பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்காருகிறாள். இருவருக்கும் நடுவில் தன் பையை வைத்துக்கொள்கிறாள்.