கெட்ட பழக்கம் எதுவும் இல்லை

என் கணவரைச் சிகரெட்டை விட வைத்தவள் நான் என்று ஒரகடம் முழுக்கப் பெருமையடித்துத் திரிந்தேன். இன்று அதை நினைத்தால் என் வாயிலேயே நாலு போடலாம் போலிருக்கிறது.

அவருக்கு மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் பெயின்ட் அடிக்கும் வேலை. பெயின்டில் கலக்கிற தின்னர் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் தீப்பெட்டியைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஷிஃப்டில் பாதிப் பேர் கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டுதான் வேலை செய்தார்கள். சூப்பர்வைசர் கன்னமும் உப்பித்தான் இருக்குமாம். இவருக்கு உள்ளே புகையிலை, கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் சிகரெட். நான் சண்டை போட்டது சிகரெட்டோடு மட்டும்தான். புகை நெஞ்சை அரிக்கும், பிள்ளைக்கு ஆகாது, சட்டையெல்லாம் நாறும். புகையிலைக்கு என்ன? கல்யாண வீட்டில் வெற்றிலைத் தட்டிலேயே வைத்து நீட்டுகிற பொருள்தானே? மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்து சிகரெட்டை விட்டார். சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். அந்தச் சந்தோஷத்தில் மளிகைச் சாமானோடு புகையிலையை நானே வாங்கிவந்து கொடுத்தேன்.

1991-இல் கடைவாய்ப் பக்கம் ஒரு புண் வந்தது. காரம் பட்டால் துடித்துப்போவார். பல்வலி என்றால் புகையிலையை அடக்குவது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வைத்தியம்.

“அந்தப் பக்கமே அடக்கிக்கோ, மரத்துப் பூடும்” என்றேன்.

மரத்துத்தான் போனது. அப்படியே மூன்று மாதம் ஓட்டினோம். வாயை முழுசாகத் திறக்க முடியாமல் போன பிறகுதான் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

“பழக்கம் ஏதாவது உண்டா?” என்று டாக்டர் கேட்டார்.

அவரைப் பேசவிடாமல் நான் முந்திக்கொண்டேன். “ஒரு கெட்ட பழக்கமும் கெடையாது சார். சிகரெட்டக்கூட வுட்டு அஞ்சு வருசம் ஆவுது.”

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். “புகையிலை?”

“அது போடுவாரு சார்” என்றேன், காபி குடிப்பார் என்று சொல்வதைப் போல.

“எந்தப் பக்கம் அடக்குவீங்க?”

அவர் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். டாக்டரின் டார்ச் வெளிச்சமும் அங்கேதான் இருந்தது. அந்தப் புண் புற்று, புகையிலையால் வந்தது என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பாதித் தாடையை எடுத்தார்கள். கஞ்சியும் உள்ளே இறங்காமல் ஏழாவது மாதம் போய்விட்டார்.

காரியத்தன்று அவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் படைத்தார்கள். கூட வேலை செய்தவர் ஒருவர் பழைய நினைப்பில் ஒரு சிகரெட் பாக்கெட்டை வைக்கப்போனார். என் நாத்தனார் பாய்ந்து தட்டிவிட்டாள்.

“அந்த எழவுதான் எங்க அண்ணன வாரிக்கினு போச்சு. அத்தயா இங்க வெக்கிற?”

பிறகு அவளே புகையிலையை எடுத்து வெற்றிலை மேல் வைத்தாள். “பாவம், ஆசையா போட்டுக்கினு இருந்தாரு.”

டாக்டர் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், வாங்கிக் கொடுத்தது யார் என்று கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டு அந்த இலைக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன்.