சாக்கோடு சேர்த்துப் பத்து கிலோ

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எடை விஷயத்தில் மட்டும் எனக்குப் பிழை வராது என்று நினைத்திருந்தேன்.

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து நிறுப்பது என் வேலை. பெண்கள் பறித்து வரும் சாக்கைக் கொக்கித் தராசில் மாட்டுவேன். முள் காட்டும் எடையில், சாக்குக்கும் ஈரத்துக்குமாக இரண்டு கிலோ கழித்துச் சொல்வேன். அதுதான் அங்கே வழக்கம். கொழுந்து பறிக்கும் என் மனைவியின் சாக்குக்கும் அப்படித்தான் கழித்தேன்.

தேயிலை விலை விழுந்த வருடங்களில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை கிடைத்தது. அப்போதுதான் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் என்னைச் சமையலுக்குச் சேர்த்துக்கொண்டார். வெளியூர் ஆட்களை மலைக்குள் மூன்று நாள் நடத்திக் கூட்டிப் போவது அவர் தொழில். முதல் நடையில் பாத்திரம், அடுப்பு எல்லாம் என் முதுகில். நான் மூச்சு வாங்கிக்கொண்டு கூடாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, எல்லோரும் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுத்திருந்தார்கள்.

கீழே இறங்கியதும் அவர் மெதுவாகத்தான் சொன்னார்: "ஏனுங்க, அடுத்த நடைக்குப் பாத்திரச் சுமை பத்து கிலோவுக்குள்ள இருந்தா வாங்க. இல்லீன்னா நான் வேற ஆளு பாத்துக்கறனுங்க."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

வேலை இல்லாத நாளில் ஃபாக்டரியில் கேட்டுத் தராசை வாங்கி வந்து, தொழிலாளர் லயத்தில் எங்கள் வீட்டு வாசலில் தொங்கவிட்டேன். சுமையை ஒரு கொழுந்துச் சாக்கில் போட்டு மாட்டினால் பதினேழு கிலோ.

"இந்தக் குக்கர் எதுக்குங்க?" என்றாள் மனைவி.

"துவரம் பருப்பு வேகணுமே."

"பாசிப்பருப்பு கொண்டு போங்க. அது சும்மாவே வெந்துரும்."

குக்கர் வெளியே போனது. தேங்காய் ரொட்டியை வீட்டிலேயே சுட்டுத் தருவதாக அவள் சொன்னதும் தோசைக்கல்லும் போனது. ஒன்றுக்குள் ஒன்று உட்காரும் இரண்டு குண்டான்களை மட்டும் வைத்துக்கொண்டேன். மூன்று நாளுக்கு எவ்வளவு மண்ணெண்ணெய் ஆகும் என்று அடுப்பை எரித்துப் பார்த்து, கேனை விட்டுப் பாட்டிலுக்கு மாறினேன். மறுபடி மாட்டி, முள்ளைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்: "ஒன்பது."

அவள் எட்டிப் பார்த்தாள். "முள்ளு பதினொண்ணுல நிக்குது."

வாய் பழக்கத்தில் இரண்டைக் கழித்துவிட்டிருந்தேன்.

"சாக்கைக் கழட்டி வெச்சுட்டா மலை ஏறப் போறீங்க?" என்று சிரித்தாள். பிறகு பாத்திரங்களை இறக்கிவிட்டு, பனியில் ஈரமாகிக் கிடந்த அந்தச் சணல் சாக்கை மட்டும் மாட்டினாள். ஒரு கிலோ. "இத்தனை வருசமா என்கிட்ட ரெண்டு எடுத்தீங்க" என்றாள்.

சாக்கைத் தூக்கி எறிந்துவிட்டு, உர மூட்டைப் பையைக் கழுவித் தைத்து, அதற்குத் தோள்வார் வைத்தாள். தட்டையும் டம்ளரையும் நடக்க வருகிறவர்கள் அவரவர் பையிலேயே கொண்டு வரச் சொல்லலாம் என்றும் அவள்தான் சொன்னாள். கோயம்புத்தூர்க்காரரிடம் போய் அதைக் கேட்க எனக்கு இரண்டு நாள் ஆனது. அவர் உடனே சரி என்றார். கடைசியாக நிறுத்தபோது எதையும் கழிக்காமல் எட்டரை.

அடுத்த நடை அன்று அவர் என் பையை ஒரு கையால் தூக்கினார். "பாத்திரத்த ஊட்டுலயே உட்டுட்டு வந்துட்டீங்களா?"

"இல்லீங்க. பையோட சேர்த்து எட்டரைங்க" என்றேன். அத்தனை பேர் முன்னால் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

அன்று அவர்கள் கூடாரத்துக்கு வந்து சேர்வதற்குள் நான் டீ போட்டு வைத்திருந்தேன். குடித்து முடித்த பிறகு அவர், "இனி எல்லா நடைக்கும் நீங்கதானுங்க" என்றார்.

இன்றுவரை நான்தான் போகிறேன். வேறு சமையல்காரர்களும் தங்கள் சுமையை எங்கள் வாசலுக்குத் தூக்கி வருகிறார்கள். நான் நிறுக்கிறேன். முள்ளைப் படித்துச் சொல்வது என் மனைவி. நாளைக்கும் ஒரு நடை இருக்கிறது, பை தயார்.

ஐப்பசி 19, வியாழக்கிழமை.