பேசுகிற கிளியா, விசிலடிக்கிற கிளியா

தக்கலையில் அந்தக் கடைக்குள் போனதும் என் மனைவி நேராகக் கிளிக் கூடுகளைப் பார்த்து நடந்தாள். நான் மீன் தொட்டிகளின் பக்கம் நின்றுகொண்டேன். கடைக்காரரிடம் பேசுவது எப்போதும் அவள்தான். எனக்கு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற வேலை. விடியும்போது போய் மரங்களோடு நின்றுவிட்டு வருகிறவன். பேச வேண்டிய தேவை அதிகம் வந்ததில்லை, வந்தாலும் அவள் பார்த்துக்கொள்வாள்.

அன்றைக்கே அவள் குரல் கரகரத்துப் போயிருந்தது. தொண்டையில் கட்டி. அடுத்த மாதம் அறுவைச் சிகிச்சை என்று சொல்லியிருந்தார்கள். உயிர் பிழைக்கலாம், பேச்சு போய்விடும் என்று டாக்டர் அவளிடமே சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எதுவும் பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள், ஒரு கிளி வாங்க வேண்டும் என்றாள்.

நம் ஊர்ப் பச்சைக்கிளியை வளர்க்கச் சட்டம் இடம் தராது. கடையில் வெளிநாட்டுக் கிளிகள்தான். கடைக்காரர் எங்கள் முன்னால் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று காக்டெயில். சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, தலையில் கொண்டை. இன்னொன்று குவேக்கர். முதுகு பச்சை, நெஞ்சு சாம்பல். இறகு இன்னும் சரியாக நிறையாத குஞ்சு.

“சத்தம் ஆகாதுன்னா காக்டெயில் எடுங்க அக்கா. சாதுவாக்கும். தோள்ல ஏறி இருந்து விசிலடிக்கும், அவ்வளவுதான். பேச்சு வேணும்னா குவேக்கர். ஆனா அதுக்கு வாய் ஓயாது.”

“வாய் ஓயாததுதான் வேணும் தம்பி. இவ்வளவு காலமும் எங்க வீட்டுல அது என் வேலையாக்கும்.”

“அண்ணன் என்ன சொல்லுகாரு?”

“அவரு என்ன சொல்லுவாரு. கல்யாணத்துக்கே தலையத்தான் ஆட்டுனாரு.”

கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்ததாகக் காட்டிக்கொண்டேன்.

“இது எப்பம் பேசும்?” என்று கேட்டாள்.

“குஞ்சுல்லா. அஞ்சாறு மாசம் பிடிக்கும். சிலதுக்கு வருசம்கூட ஆவும். தெனமும் சொல்லிச் சொல்லிக் குடுக்கணும். யாரு சொல்லிக் குடுக்காவளோ அவிய கொரல்லதான் சொல்லும்.”

அவள் கூட்டுக் கம்பியில் வைத்திருந்த விரலை எடுத்தாள். அவள் எதற்காகக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். ஐந்தாறு மாதம் அவள் குரலுக்கு இல்லை. நான் முன்னால் வந்து காக்டெயிலைக் காட்டி, “இது போரும்” என்றேன். அந்தக் கடையில் நான் பேசியது அது ஒன்றுதான். பேசுகிற கிளி ஒருநாள் அவள் குரலில் பேசி, அதைக் கேட்க நான் மட்டும் இருப்பேனோ என்ற பயம் எனக்கு.

அவள் என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். ரோட்டில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.

“அதுவும் நீங்களும் ஒண்ணுபோல மிண்டாம, வாயத் தொறக்காம இருப்பிய. பெறகு ஒங்கள யாரு கூப்பிடுவா?”

குவேக்கரைத்தான் வாங்கினோம்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் கணவன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். “கேட்டியளா” என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு வீட்டில் அதுதான் பெயர். கிளிக்கும் அவள் அதையே சொல்லிக் கொடுத்தாள். அடுப்படியில் நின்று, துணி மடித்துக்கொண்டு, மட்டிப்பழத்தைக் கிள்ளிக் கொடுத்துக்கொண்டு, கரகரத்த குரலில் நாள் முழுக்க “கேட்டியளா, கேட்டியளா.” கிளி தலையைச் சாய்த்துப் பார்க்கும். பழத்தைத் தின்னும். குரலைப் போனில் பதிந்து வைக்கலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன். பேசிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல் வந்தது. “இது நானா?” என்று அழித்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அன்று காலையில் கூட்டின் முன்னால் நின்று, “மக்கா, ஒரு தடவ சொல்லு” என்றாள். அது சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது அவள் கழுத்தில் மூச்சு விட ஒரு துளை இருந்தது. என்னைக் கூப்பிட டம்ளரைத் தட்டுவாள். ஒருநாள் தோட்டத்திலிருந்து வந்ததும் என் கையைப் பிடித்துக் கூட்டின் அருகே கொண்டுபோய் நிறுத்தினாள். கிளியைக் காட்டினாள், என் வாயைக் காட்டினாள். எனக்குப் புரிந்தது. ஆண் சொல்கிற வார்த்தை இல்லை அது. போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, மெதுவாக, “கேட்டியளா” என்றேன். காது சூடேறியது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தாள். காற்று மட்டும் கழுத்து வழியாக வந்து போனது.

பிறகு தினமும் சொன்னேன். அவள் எதிரே உட்கார்ந்து, போதாது, இன்னும் என்று கையைக் காட்டுவாள். என் ஆயுளில் நான் வாய்விட்டு அதிகம் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

மழைக்காலத்தில் ஒருநாள் பின்பக்கம் பால் வாளி கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து “கேட்டியளா” என்று கேட்டது. வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவள் கூட்டின் பக்கத்தில் நெஞ்சில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். கிளி மறுபடியும் சொன்னது. குரல் என் குரல்தான். ஆனால் கடைசியில் “ளா”வை நீட்டி, கொஞ்சம் மேலே ஏற்றி விட்டது. நான் எதையும் அப்படி நீட்டிப் பேசுகிறவன் இல்லை. அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து மட்டுமே கேட்டிருந்ததால், சொல்லிக் கொடுக்கும்போது எனக்கே தெரியாமல் அவள் இழுப்பு வந்திருக்கிறது. அவளுக்கும் அது தெரிந்தது. முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அதன்பிறகு டம்ளர் தட்டுவதை விட்டுவிட்டாள். கூட்டில் விரலால் சுண்டுவாள், கிளி கூப்பிடும், நான் போவேன். ஒரு வருடம் போல அப்படி நடந்தது. கட்டி வேறு இடத்தில் வந்தது. அவள் போய்விட்டாள்.

போன வாரம் சூரியகாந்தி விதை வாங்க அதே கடைக்குப் போனேன். காக்டெயில்கள் விசிலடித்துக்கொண்டிருந்தன. கடைக்காரருக்கு என்னை அடையாளம் தெரிந்தது.

“அண்ணே, அது பேசுகா?”

“பேசும்.”

“என்ன சொல்லுகு?”

கடையில் நாலு பேர் நின்றார்கள். அந்த வார்த்தையை என்னால் அங்கே சொல்ல முடியவில்லை. தலையை ஆட்டிவிட்டு, விதையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து கூப்பிட்டது.

“வந்தாச்சு” என்றேன்.