ஆணியில் தொங்கிய தெரு

மாலை நாலு மணி நெருங்கினால் சாவியம்மாவின் மூக்கு தானாக மேற்குப் பக்கம் திரும்பிவிடும். கல்குவாரிக்கு அப்பாலிருந்து வரும் காற்று முதலில் புழுதியைக் கொண்டுவரும், பிறகு மண்வாசனையை, அதற்கும் பிறகுதான் மழையை. மண்வாசனை வரும்வரை காத்திருக்கிற ஆள் இல்லை அவர். கண்ணில் புழுதி விழுந்த உடனே, கதவுக்குப் பின்னால் வரிசையாக அடித்திருக்கும் ஆணிகளிலிருந்து தெருக்காரர்களின் வீட்டுச் சாவிகளை அள்ளி இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவார். எதிர்வீட்டு மாடி, பக்கத்து வீட்டு மாடி, மூலைவீட்டு மாடி என்று ஏறி ஏறி, ஊரார் துணியையெல்லாம் உருவி, அவரவர் கூடத்து நாற்காலியில் போட்டுப் பூட்டிவிட்டு, கடைசியாகத் தன் வாசலில் கட்டியிருக்கும் கொடிக்கு வருவார். அதற்குள் அவருடைய துணி பாதி நனைந்திருக்கும்.

"நனையட்டும். மொதல்ல தன்னோடத எடுத்துக்கிட்டாங்கன்னு ஒருத்தர் வாயில வந்துடக் கூடாது பாருங்க" என்பார், அதைப் பிழிந்தபடி.

நகரத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய புறநகர் இது. சம்பாதிப்பது அங்கே, தூங்குவது இங்கே. விடிவதற்கு முன்னால் ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாகக் கிளம்பிப் போனால், விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார்கள். நடுவில் தெருவில் இருப்பவை பூட்டுகளும் நாய்களும் சாவியம்மாவும். சிலிண்டர்காரர், கூரியர்காரர், மின்மீட்டர் பார்க்க வருகிறவர் எல்லோருக்கும் இந்தத் தெரு என்றால் அவர்தான். எல்லா வீட்டுக்கும் அவர் ஒருத்தரே மாமியார், அதிகாரம் மட்டும் கிடையாது.

மழையும் இந்த இடத்துக்குத் தனி. மனை போடுவதற்காக, நின்றிருந்த மரங்களையெல்லாம் வெட்டிவிட்டார்கள். பகல் முழுக்க வெயில் மொட்டைமாடியில் உட்கார்ந்து சுடும், மாலையானால் சொல்லாமல் கொள்ளாமல் கொட்டும். நகரத்தில் அப்போது ஒரு சொட்டு இருக்காது. "இங்க ஊத்துது, உங்க துணிய எடுத்துட்டேன்" என்று அவர் போனில் சொன்னால், "நெஜமாவா? இங்க வெயில் பல்லக் காட்டுதே" என்று சிரிப்பார்கள். நனைந்து நிற்கிறவருக்கு அந்தச் சிரிப்பில் பங்கு கிடையாது.

அவர் வந்தபோது இது வெறும் முள்காடு. கணவர் பஸ் ஓட்டுநர். கையில் இருந்ததற்கு இந்தக் கடைக்கோடியில்தான் மனை கிடைத்தது. "ராத்திரி நம்ம வீட்டு லைட்ட அணைச்சா உலகமே அணைஞ்ச மாதிரி இருக்கும்" என்பார் கணவர். அப்புறம் ஒவ்வொன்றாக வீடுகள் எழும்பின. எல்லா வீட்டுக்கும் சுண்ணாம்பு நனைந்ததும் சிமென்ட் குழைந்ததும் இவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில்தான். எதிர்வீடு கட்டும்போது மேஸ்திரி சாமான் கொட்டகையின் சாவியை, "ரெண்டு நாள் வெச்சிருங்கம்மா" என்று கொடுத்துவிட்டுப் போனார். அதற்காகத்தான் கணவர் கதவுக்குப் பின்னால் முதல் ஆணியை அடித்தார். அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. ஆணிகள் மட்டும் பெருகிக்கொண்டே வந்தன.

எந்தப் பூட்டை எப்படித் திறக்க வேண்டும் என்பது அவர் கைக்குப் பாடம். எதிர்வீட்டு வங்கிக்காரர் கதவை முட்டியால் ஒரு தள்ளு தள்ளினால்தான் சாவி திரும்பும். மூலைவீட்டு நர்ஸ் வீட்டில் கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க வேண்டும். எந்த வீட்டில் படுக்கை மடிக்காமல் கிடக்கிறது, எந்த வீட்டில் இரண்டு அறையில் தனித்தனியாகப் படுக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை வெளியே வந்ததில்லை. "வாயத் தொறந்தா அப்புறம் யாரு சாவி குடுப்பா?" எந்த வீட்டு நாற்காலியிலும் அவர் உட்கார்ந்ததும் இல்லை.

முழங்கால் இரண்டு வருஷமாகவே முனகிக்கொண்டிருந்தது. போன மாதம் ஒரு காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாமல் போனபோதுதான் இரண்டு பஸ் மாறி டாக்டரிடம் போனார்.

"படி ஏறக் கூடாதும்மா."

"ஏறல டாக்டர். துணி மட்டும் எடுத்துக்கறேன்."

"துணி எங்க இருக்கு?"

"மாடியில."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "இப்படியே ஏறி இறங்கிட்டு இருந்தீங்கன்னா ஆபரேஷன்தான். மூணு மாசம் படுக்கணும். பாத்துக்க ஆள் இருக்கா?"

அந்தக் கேள்விக்குத்தான் சாவியம்மா பயந்தார். வெளியூரில் இருக்கும் மகன், "அம்மா, பேசாம எல்லாச் சாவியையும் திருப்பிக் குடுத்துடு" என்று போனில் கத்தினான். கத்தத் தெரிந்தவன், பார்த்துக்கொள்ள வருவானா என்று அவர் கேட்கவில்லை. படுத்துவிட்டால் தண்ணீர் கொடுக்கக்கூட இந்தத் தெருவில் பகலில் ஆள் இல்லை. இருந்த ஒரே ஆள் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வீட்டில் இருக்கும்போது, சாவிகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கெஞ்சுவார்கள், மனசைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

யாரும் கெஞ்சவில்லை.

"தாராளமா ரெஸ்ட் எடுங்கம்மா" என்றார் வங்கிக்காரர். சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகு, "ஆனா செவ்வாக்கெழம சிலிண்டர் வருமே?" என்று மனைவியைப் பார்த்தார். பக்கத்துப் புதுவீட்டுப் பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நாங்க எதாவது தப்பா நடந்துக்கிட்டோமா ஆன்ட்டி?" முழங்காலைச் சொன்னார். "ஓ, அதானா" என்று அவள் நிம்மதியாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு சாவியம்மாவுக்குச் சுருக்கென்றது.

மூலைவீட்டு நர்ஸ் மட்டும் உடனே சாவியை வாங்கவில்லை. முதலில் அவரை உட்காரவைத்தாள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டு நாற்காலியில் அன்றைக்குத்தான் உட்கார்ந்தார். அவள் தரையில் குந்தி முழங்காலைத் தொட்டுப் பார்த்து, "இப்படி வீங்கியிருக்கு, வாயே தொறக்கலையே அக்கா. எப்பவோ குடுத்திருக்கணும். நான் பாத்துக்கறேன், போங்க" என்று சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள். எப்படிப் பார்த்துக்கொள்வாள்? இரவுப் பணியும் பகல் பணியும் மாறி மாறி வரும் வேலை. வெள்ளை யூனிஃபார்ம் இரண்டே ஜோடி. ஒன்று உடம்பில் இருந்தால் ஒன்று கொடியில் இருக்கும். சாவியம்மாவுக்குத் தெரியும். இந்தச் சாவி மட்டும் என்கிட்டயே இருக்கட்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. முழங்கால் வலித்தது. எழுந்து வந்துவிட்டார்.

திங்கட்கிழமை அவருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. மத்தியானம் தூங்கலாம் என்று பல வருஷ ஆசை, அதற்குக் காலையிலேயே படுக்க முடியுமா? நேரமில்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த தடிப் போர்வையை எடுத்து, குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து கும்மித் துவைத்தார். பிழிய ஆளில்லாததால் சொட்டச் சொட்ட வாசல் கொடியில் போட்டார். கொடி கதவிலிருந்து கை நீட்டும் தூரம்தான். மத்தியானம் படுத்தார். தூக்கம் வரவில்லை. பூட்டிய வீடுகளின் அமைதியை முதல் தடவையாகச் சும்மா கேட்டுக்கொண்டு கிடந்தார்.

நாலு மணிக்கு மூக்கு மேற்கே திரும்பியது.

கண்ணில் புழுதி விழுந்தபோது அவர் எழுந்தாகிவிட்டது. கை கதவுக்குப் பின்னால் போய்விட்டது. விரலில் வெறும் ஆணிதான் தட்டுப்பட்டது. வாசலுக்கு வந்து பார்த்தார். எதிர்மாடியில் வங்கிக்காரர் சட்டைகள். புதுவீட்டில் குழந்தைத் துணிகள். மூலைவீட்டு மாடியில், தெருவிலேயே பளிச்சென்று, வெள்ளை யூனிஃபார்ம். காற்றில் இரண்டு கையையும் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. படிகளுக்கெல்லாம் கம்பிக்கதவு, கம்பிக்கதவுக்கெல்லாம் பூட்டு. போனை எடுத்து நர்ஸின் எண்ணைத் தேடினார். வார்டில் இருப்பவளிடம் என்ன சொல்வது? வைத்துவிட்டார்.

முதல் சொட்டு படிக்கல்லில் விழுந்தது. அப்புறம் எண்ண முடியாமல் விழுந்தது. போர்வை ஏறக்குறைய காய்ந்திருந்தது. நாளெல்லாம் பட்ட பாடு, கைக்கெட்டும் தூரத்தில். ஒரு இழுப்பு இழுத்தால் உள்ளே வந்துவிடும்.

கையை நீட்டினார். விரல் போர்வையின் ஓரத்தைப் பிடித்தது, இன்னும் வெயிலின் சூடு இருந்தது. மூலைமாடியில் யூனிஃபார்ம் கனத்து, ஆடாமல் தொங்கத் தொடங்கியிருந்தது. சாவியம்மா ஓரத்தை விட்டுவிட்டார். நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு, வீங்கிய முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, போர்வை நனைவதைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.