மதினி விழுங்கிய கேமரா

மதினியின் உள்ளங்கையில் கிடந்த அந்த மாத்திரை இன்றும் என் கண்ணில் நிற்கிறது. பெரிய சத்து மாத்திரை அளவுதான். ஒரு முனை கண்ணாடிபோல் இருந்தது. உள்ளே குட்டி விளக்கு மின்னி மின்னி அணைந்தது. அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனியில் வெடிக்கு மருந்து செலுத்துகிறவர் அவர். "உள்ள போயி வெடிச்சிராதுல்ல, டாக்டரய்யா?" என்று கேட்டார். மதுரை ஆஸ்பத்திரியின் இளம் டாக்டர் சிரித்துவிட்டார். மதினி சிரிக்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் கேமரா மாத்திரை எங்கள் பக்கத்தில் யாரும் கேள்விப்படாத சங்கதி. மதினிக்கு மாதக்கணக்காக மலத்தில் ரத்தம் போனது. முகம் வெளுத்து, கம்பெனி வேனில் ஏறுவதற்கே மூச்சு வாங்கினார். மேலேயும் கீழேயும் குழாய் விட்டுப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. குழாய் எட்டாத சிறுகுடலைப் பார்க்கத்தான் இந்த மாத்திரை. தீபாவளி சீசன், அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை. துணைக்கு நான் போயிருந்தேன்.

விழுங்கிய மாத்திரை வெளியே வரவேயில்லை. அது அனுப்பிய படங்களை டாக்டர் கணினியில் ஓட்டிக் காட்டினார். இளஞ்சிவப்பான குடலின் நடுவே ஒரு கட்டி பாதி வழியை அடைத்திருந்தது. மாத்திரை அதன் முன்னால் சிக்கி நின்றது. மதினி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாங்க வேல பாக்குற ரூமுல ஒரு பல்பு கெடையாது. வயித்துக்குள்ள எம்புட்டு வெளிச்சம், பாத்தியா தாயி?" என்றார்.

உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர்.

"அறுக்காம மருந்துலயே கரைக்க முடியாதாய்யா?" என்று கேட்டார் மதினி.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்களாக்கி, கட்டியை மட்டும் தேடிப் போய்த் தாக்க வைக்கும் ஆராய்ச்சி பல இடங்களில் நடக்கிறது. இந்தக் கட்டிக்கு அப்படி ஒரு மருந்து இன்னும் கைக்கு வரவில்லை.

"அப்ப, சீசன் முடியட்டும். இப்ப படுத்தா என் எடத்துல வேற ஆளப் போட்டுருவாக" என்றார் மதினி. டாக்டர் எச்சரித்தார். பஸ்ஸில் வழிநெடுக நானும் கெஞ்சினேன். மறுநாள் காலையில் வேன் ஏறிவிட்டார்.

தீபாவளிக்கு முன்பே குடல் முழுதாக அடைத்துக்கொண்டது. வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்தவரை மதுரைக்குத் தூக்கிப்போனோம். கட்டியோடு மாத்திரையையும் எடுத்தார்கள். ஆனால் அது புற்றுநோய், ஈரலிலும் பரவியிருந்தது. பொங்கல் வருவதற்குள் மதினி போய்விட்டார்.

காரியம் முடிந்ததும் அண்ணன் மதுரைக்குப் போய் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அன்னைக்கே அறுத்திருந்தா பொழச்சிருப்பாளா?"

"இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பாங்க" என்றாராம் டாக்டர். அதற்குப் பிறகு அண்ணன் மதினியைப் பற்றிப் பேசியதேயில்லை.

இப்போதெல்லாம் நானோ மருந்து பற்றிப் பத்திரிகையில் அடிக்கடி செய்தி வருகிறது. ஒரு வரி விடாமல் படிக்கிறேன். அண்ணன் வீட்டுக்கு வருகிற நாளில் மட்டும் அந்தப் பக்கத்தை உருவி எடுத்துவிட்டு மீதிப் பேப்பரை அவரிடம் கொடுக்கிறேன்.